திட்டு வாங்கிப் பின்னிய காலுறை

என் அண்ணனை யாராவது கேலி பேசினால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவனைக் கேலி செய்யும் உரிமை எனக்கு மட்டும்தான். பஸ் டிரைவர் அவன். கதவை அடைக்கிற தோள். சிகரெட்டை விட்ட புதிதில் கை சும்மா இருக்க முடியாமல் தவித்தபோது கம்பளி நூலையும் பின்னல் ஊசிகளையும் எடுத்தவன், இன்றுவரை கீழே வைக்கவில்லை. வண்டி கடைசி நிறுத்தத்தில் நின்றதும் மடியில் துண்டை விரித்து நூலைப் பிரித்துவிடுவான். டிப்போவில் அவனுக்கு 'ஊசி டிரைவர்' என்று பெயர். வைத்தால் வைக்கட்டும். பெயர் வைத்தவர்களின் பிள்ளைகள் எல்லாம் குளிர் வந்தால் அவன் பின்னிய காலுறையைப் போட்டுக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

அவன் பின்னுவது கட்டம் கட்டமாக இருக்கும். ஒரு கட்டம் புடைத்திருக்கும், அடுத்தது அமுங்கியிருக்கும். தடவினால் விரலுக்கே தெரியும். "வழவழன்னு இருந்தா ஷூவுக்குள்ள வழுக்கும். இது புடிச்சுக்கும்" என்பான். இன்னொன்று, அவன் மனசு நூலில் தெரிந்துவிடும். சந்தோஷமாக இருந்தால் பின்னல் கண்ணிகள் தளர்வாக விழும். எரிச்சல் வந்தால் கை இறுகி, அந்த இடம் மட்டும் சுருங்கிவிடும். அண்ணியின் பச்சைக் காலுறையில் நடுவே இடுப்பைப் பிடித்த மாதிரி ஒரு வளையம் உண்டு. அது கண்டக்டர் அவனை வம்புக்கு இழுத்த மத்தியானம் பின்னியது.

நான் ஐஸ் ஃபேக்டரியில் வேலை பார்க்கிறேன். பாரம் ஏற்றும்போது ஒரு ஐஸ் பாளம் சறுக்கி என் இடது கால் மேல் விழுந்தது. எலும்பு கூடி மாவுக்கட்டைப் பிரித்தபோது வலி போயிருந்தது, கூடவே காலும் பாதி போயிருந்தது. சூம்பிப்போய், வலது காலுக்குத் தங்கச்சி மாதிரி இருந்தது. கடையில் வாங்கிய காலுறை பூட்ஸுக்குள் நழுவிச் சுருண்டு, ஈரத் தரையில் கால் பிசகியது. சூப்பர்வைசர் கறாராகச் சொல்லிவிட்டார்: "திங்கக்கிழமை பூட்ஸ் போட்டுக்கிட்டு பாரம் ஏத்துற சரிவுல ஏறி இறங்கிக் காட்டும்மா. கால் நின்னா வேலை. இல்லன்னா வேற ஆளைப் போட்டுடுவேன், என்னைத் தப்பா நினைக்காத."

தப்பாகத்தான் நினைத்தேன். அதை விட்டால் எனக்கு வேறு வேலை தெரியாது. தெரிந்தாலும் பிடிக்காது.

அண்ணன் ஒரு ஜோடி பின்னிக்கொண்டு வந்தான். வலது காலில் கச்சிதம். இடது காலில் சாக்குப்பை மாதிரி தொளதொளவென்று கிடந்தது. மகராசன் வலது காலை மட்டும் அளந்துவிட்டுப் போயிருக்கிறான்!

"ரெண்டும் ஒரே ஆளோட கால்தானேன்னு நினைச்சேன்" என்று தலையைச் சொறிந்தான்.

"கண்ணியைக் குறைச்சுப் பின்னேன்."

"குறைச்சா கட்டம் உடைஞ்சிடும். உடைஞ்சா வழுக்கும்."

"அப்போ சன்ன ஊசி வாங்கு."

"புது ஊசி என் கைக்குப் பழகுறதுக்குள்ள உன் இடத்துக்கு வந்தவன் பென்ஷனே வாங்கிடுவான்." காலுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "கண்ணி அதே கண்ணிதான். என் கை இறுகணும். அவ்வளவுதான்."

மறுநாள் கடைசி நிறுத்தத்தில் கண்டக்டரிடம் அவனே போய் நின்றான். "என்னை நல்லாக் கேலி பண்ணுய்யா."

விஷயம் தெரிந்ததும் கண்டக்டருக்குக் கேலி வரவில்லை. "தங்கச்சிக்குப் பின்றீங்க, இதுல என்னத்தைக் கேலி பண்றது டிரைவரே?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். வருஷக்கணக்காக அடங்காத வாய், வேண்டிய நேரத்தில் அடங்கிப்போனது.

"நீங்க நகருங்கண்ணா" என்று கண்டக்டரிடம் சொல்லிவிட்டு, கூடவே வந்திருந்த நான் இன்ஜின் பெட்டி மேல் ஏறி உட்கார்ந்தேன்.

ஆரம்பித்தேன். சின்ன வயதில் என் சைக்கிளைத் தொலைத்துவிட்டு என் மேலேயே பழி போட்டது, அண்ணி அதட்டினால் குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொள்வது, ஒன்றையும் விடவில்லை. "உனக்கெல்லாம் எவன் லைசென்ஸ் குடுத்தான்? நீ ரிவர்ஸ் எடுத்தா டிப்போ சுவரே சாமி கும்பிடுது!" அவன் காது சிவந்தது. ஊசிகள் டக்டக்கென்று அடித்துக்கொண்டன. காலுறையின் விரல் நுனியிலிருந்து கண்ணிகள் சிறுத்துக்கொண்டே வந்தன. "போதும் நிறுத்துடி" என்றான். "நீ பின்னு" என்றேன். வண்டியில் ஏறிய ஓர் அம்மா என் கட்சியில் சேர்ந்துகொண்டு அவனை ஒரு பிடி பிடித்தார். என்ன விஷயம் என்று அவர் கேட்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காலுறை கணுக்காலைத் தாண்டி மேலே வந்துவிட்டது. என் சரக்கும் தீர்ந்துகொண்டிருந்தது. அப்போதுதான் அவன் ஆள்காட்டி விரலைப் பார்த்தேன். இறுக்கி இழுத்த நூல் தோலை உரித்திருந்தது. அதோடு பின்னிக்கொண்டிருந்தான்.

"உன்ன மாதிரி ஒருத்தன்..." என்று திட்டத்தான் வாயைத் திறந்தேன். "உன்ன மாதிரி ஒருத்தன் எனக்கு அண்ணனா வர நான் என்ன குடுத்துவெச்சிருக்கணும்!"

ஊசி நின்றது. "ஏய், இப்படியெல்லாம் பேசாத" என்றான். "கை தளருது பாரு."

திங்கட்கிழமை, ஐஸ் பெட்டியைச் சுமந்து ஈரச் சரிவில் ஏறினேன், இறங்கினேன். கால் இம்மிகூட நழுவவில்லை. சூப்பர்வைசர் என் பெயரை மறுபடி வேலைப் பலகையில் எழுதினார். கட்டுப் பிரித்த நாளிலிருந்து யாருக்கும் காட்டாமல் மறைத்த இடது காலை, பூட்ஸைக் கழற்றி, எல்லோருக்கும் முன்னால் பெஞ்சின் மேல் தூக்கி வைத்தேன்.

"எங்கண்ணன் பின்னினது. பஸ் டிரைவர்."

எல்லோரும் குனிந்து கட்டங்களைத் தடவிப் பார்த்தார்கள். பேக்கிங் பிரிவுக்காரி மட்டும் மேல் விளிம்புக்குக் கீழே விரலை வைத்தாள். "இந்த ஒரு வரிசை தளர்ந்திருக்கே. பின்னத் தெரியாம விட்டுட்டாரா?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"அவனுக்கா தெரியாது? அந்த வரிசையில மட்டும் நான் அவனைத் திட்டல."