மோதினார் நூர்தீனும் கடைசி விக்கெட்டும்

மோதினார் நூர்தீனுக்கு ஒரு நாளில் இரண்டு நேரங்கள்தான் முக்கியம். ஒன்று தொழுகை நேரம். மற்றது வானொலியில் கிரிக்கெட் வர்ணனை போகிற நேரம். இரண்டும் முட்டிக்கொண்டால் தொழுகைதான் வெல்லும். ஆனால் வர்ணனை எத்தனை ஓட்டத்தால் தோற்றது என்பதை அவருடைய முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

கரைத்தீவுக்குப் போகிற வழியில், உப்புநீர்க் களப்போரமாக இருக்கிற சின்னப் பள்ளிவாசலில் பதினேழு வருடமாகத் தொழுகைக்குப் பாங்கு சொல்கிறார். பகலில் சைக்கிள் திருத்துவார். இளமையில் இடக்கையால் பந்து வீசினவர். அவர் வீசுகிறாரா, எறிகிறாரா என்பதில் நடுவர்கள் எல்லோருக்கும் ஒரே கருத்து இருந்தது. அவருக்குத்தான் வேறு கருத்து. அதோடு பந்தை விட்டார். குரல் மிஞ்சியது. நல்ல குரல். விடியற்காலை ஸுபஹ் பாங்கு கொஞ்சம் இழுபட்டால் முந்தின நாள் இலங்கை தோற்றிருக்கிறது. கணீரென்று எழும்பினால் வென்றிருக்கிறது. அந்தத் தெருவில் விளையாட்டுப் பக்கத்துக்காக யாரும் பத்திரிகை வாங்குவதில்லை.

ஒரு விசயத்தில் மட்டும் அவரை யாரும் பகிடி பண்ணியது கிடையாது. பதினேழு வருடத்தில் அவருடைய பாங்கு ஒரு நிமிடம் முந்தியதில்லை, பிந்தியதில்லை. உப்பளத்து ஆட்கள் அவருடைய சத்தத்துக்குத்தான் கைகால் கழுவுவார்கள். கோழிகள் கூட்டுக்குள் போவதும் அந்தச் சத்தத்துக்குத்தான் என்று அவர் மனைவி மர்ளியா சொல்வாள். கோழிகளிடம் விசாரித்தால் வேறு காரணம் சொல்லக்கூடும்.

பிரச்சினை அந்த நேரத்தில்தான் இருந்தது. வருடத்துக்கு ஒரு முறை களப்பின் அக்கரையிலிருந்து ஒரு அணி வரும். மென்பந்து ஆட்டம். மைதானம் பள்ளிக்குப் பின்பக்கம். விளக்குக் கம்பம் இல்லாத ஊர் என்பதால் பழைய ஆட்கள் ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தார்கள்: பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொன்னால் ஆட்டம் முடிந்தது. அதற்குள் இரண்டாவதாக ஆடுகிறவர்கள் ஓட்டத்தை எட்டவில்லை என்றால் முதலாவதாக ஆடினவர்களுக்குத்தான் கிண்ணம். அக்கரையார் ஏழு வருடமும் நாணயச் சுழற்சியில் வென்று, ஏழு வருடமும் முதலில் ஆடி, ஏழு வருடமும் பின்னேரமானதும் நத்தை மாதிரிப் பந்து போட்டு, கிண்ணத்தைக் கொண்டு போனார்கள்.

எட்டாவது வருடம் இந்தப் பக்கத்துத் தலைவர் நூர்தீனின் மகன் ஃபஸ்லான். வயது பத்தொன்பது. ஆட்டத்தன்று காலையில் பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மெதுவாகத் தொடங்கினான்.

"வாப்பா, இண்டைக்கு மஃரிபு எத்தன மணிக்கு?"

"ஆறு இருபத்தேழு. ஏன், நீ தொழ வரப்போறியா?"

"ஆறு இருபத்தொம்பதாக்க ஏலாதா?"

நூர்தீனின் கையில் இருந்த பாண் துண்டு சம்பலுக்குப் போகிற வழியில் நின்றது.

"ரெண்டு நிமிசம்தானே வாப்பா. ஆருக்குத் தெரியப் போகுது?"

"அல்லாஹ்வுக்குத் தெரியும். அதை விடு. ஒரு நாளைக்கு மகனுக்காகப் பிந்தினா, நாளைக்கு நோன்பு துறக்கிற நேரத்தில என்ட சத்தத்த ஆரு நம்புவான்? கையில ஈத்தம்பழத்த வச்சுக்கொண்டு, 'இண்டைக்கு எங்கயும் மேட்ச் இரிக்கா' எண்டு கேப்பானுகள்."

"அப்ப தோத்துப் போறம். எட்டாந் தரம். என்ட பேர்ல."

"அடிக்கிற நேரத்தில அடிச்சா ஏன் தோக்குற?"

ஃபஸ்லான் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போனான். நூர்தீன் மிச்சத்தைச் சாப்பிட்டார். சம்பல் உறைப்பு என்று மர்ளியாவிடம் சொன்னார். வழக்கமான உறைப்புத்தான் என்று அவள் சொன்னாள்.

பின்னேர அஸர் தொழுகை முடிந்ததிலிருந்து அவர் பள்ளியின் பின்பக்க ஜன்னலை விட்டு அசையவில்லை. ஜன்னல் கம்பியைத் துடைத்தார். பிறகு அதே கம்பியைத் திரும்பவும் துடைத்தார். ஆறு இருபதுக்கு நிலைமை இப்படி: ஒன்பது விக்கெட் போய்விட்டது. ஃபஸ்லான் ஒரு பக்கம். மற்றப் பக்கம் ஹில்மி. பந்து வரும்போது கண்ணை மூடிக்கொள்கிற ஆள். எட்டு ஓட்டம் வேண்டும். பந்து போடுகிறவன் அக்கரைத் தலைவன் றிஸ்மின், நெட்டையன். ஒவ்வொரு பந்துக்கும் முதல் குனிந்து காலடியில் எதையோ கட்டிக்கொண்டிருந்தான்.

ஆறு இருபத்துமூன்றுக்கு நூர்தீன் உள்ளே போய் அம்ப்ளிஃபயரைப் போட்டார். அது சூடாக ஒன்றரை நிமிடம் எடுக்கிற கிழட்டுச் சாமான். சிவப்பு விளக்கு எரிந்தால் மைக் வேலை செய்கிறது என்று அர்த்தம். வழக்கத்தில் அவர் சத்தமில்லாமல் நிற்பார். அன்றைக்கு மைதானத்துக் கூச்சல் ஜன்னல் வழியாக வந்து அவருடைய மனதைக் கிள்ளியது. ஓடிப்போய்ப் பார்க்கச் சொன்னது. பார்த்தால் பிந்திவிடுவோம் என்று அவருக்குத் தன்னைப் பற்றி நன்றாகத் தெரியும். ஆகவே மக்காத் திசையான கிப்லாவைப் பார்த்து நின்று, கண்ணைச் சுவர் மணிக்கூட்டில் வைத்து, பாங்குக்கு வைக்கிற மாதிரி இரண்டு விரலையும் இரண்டு காதுக்குள்ளும் இறுக்கிக்கொண்டார்.

இனி ஒரு கூச்சலும் கேட்காது. தன்னுடைய சத்தம் எவ்வளவு பெரிது என்றும் அவருக்குத் தெரியாது. சிவப்பு விளக்கு எரியத் தொடங்கியதை அவர் பார்க்கவில்லை. காதடைத்த மனிதர் தனக்குள் முணுமுணுப்பதாக நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தார்.

"யா அல்லாஹ், நான் ஒண்டும் கேக்கல்ல," என்றது பள்ளியின் மேல் இருந்த ஒலிபெருக்கி, ஊர் முழுவதற்கும். "கேக்கல்ல எண்டு சொன்னாலும் கேக்குறன் எண்டு உனக்குத் தெரியும்தானே."

மைதானம் அமைதியானது. பள்ளித் தண்ணீர்த் தொட்டியான ஹவ்ழடியில் கைகால் கழுவி ஒழு எடுத்துக்கொண்டிருந்த ஜெமீல் ஹாஜியார் இரண்டு எட்டு வைத்து நூர்தீனை நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவருக்கும் மிச்சத்தைக் கேட்க ஆசையாக இருந்தது.

"அந்த நெட்டையனப் பாரன். ஒரு பந்து போட மூணு தரம் சப்பாத்துக் கயிறு கட்டுறான். போட்டிருக்கிறது ரப்பர் செருப்பு!"

இருநூறு பேர் றிஸ்மினின் காலைப் பார்த்தார்கள். ரப்பர் செருப்புத்தான். அவன் வெட்கத்தில் ஓடிவந்து போட்ட பந்து நடுவில் குத்தி எழும்பியது. ஃபஸ்லான் அதைத் தூக்கி நாலு ஓட்டத்துக்கு அனுப்பினான். இன்னும் நாலு.

ஒலிபெருக்கி நிற்கவில்லை.

"ரெண்டு நிமிசம் கேட்டான் புள்ள. என்ட கையில இருந்தா ரெண்டு மணித்தியாலம் குடுப்பன். நேரம் என்டதில்லயே, மகன். ஆயிரம் பேர்ட நேரத்தத் தூக்கி என்ட புள்ளைக்கு எப்பிடிக் குடுக்கிற? காலைல கோவிச்சுக்கொண்டு அரை வயித்தோட போனான். அதுக்குப் பொறகு எனக்கும் ஒண்டும் இறங்கல்ல."

அவர் பாணை முழுதாகச் சாப்பிட்டதைக் கண்ட ஒரே சாட்சி மர்ளியா. அவள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மறுத்துப் பேச அவளிடம் மைக் இல்லை.

"லெக் சைட்ல அடிக்காத மகன். அங்க நாலு பேர் நிக்கிறானுகள். ஓஃப் சைட்ல, உப்பு வாடிப் பக்கம், ஒரு ஈ காக்கா இல்ல. அங்க அடி."

உபதேசம் அருமையானதுதான். ஒலிபெருக்கி ஆள் பார்த்துக் கத்துவதில்லை என்பது மட்டும்தான் குறை. றிஸ்மின் கண்ணைக் காட்டினான். லெக் சைட்டில் நின்றவர்களில் ஒருவன் பூனை மாதிரி நடந்து உப்பு வாடிப் பக்கம் போய் நின்றான். ஃபஸ்லான் அதைக் காணவில்லை. அவன் பள்ளிக் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறந்ததிலிருந்து வாப்பா சொன்ன எதையும் முதல் தரத்திலேயே கேட்ட பிள்ளை அல்ல அவன். அன்றைக்குக் கேட்டான். வந்த பந்தை முழுப் பலத்தோடு உப்பு வாடிப் பக்கம் தூக்கினான். அங்கே நின்றவன் ஒரு அடிகூட நகராமல் பிடித்தான்.

அப்போது மணி ஆறு இருபத்தாறு. ஆட்டம் பாங்கால் முடியவில்லை.

ஒரு நிமிடம் கழித்து, மிகச் சரியான நேரத்தில், நூர்தீன் பாங்கு சொன்னார். அவ்வளவு அழகாக அதற்கு முன் சொன்னதில்லை என்று பிறகு பலர் சொன்னார்கள். தோற்றிருக்கக்கூடிய மகனின் முகத்தைப் பார்க்கப் பயந்து, கடைசி வரியை நீட்டிச் சொன்னார் என்பது அவர்களுக்குத் தெரியாது.

தொழுகை முடிந்து வெளியே வந்தபோது எல்லோரும் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். றிஸ்மின் வந்து இரண்டு கையாலும் கையைப் பிடித்து ஸலாம் சொன்னான்.

"அடுத்த வருசமும் நீங்கதான் பாங்கு சொல்லணும், நூர்தீன் காக்கா. வேற ஆளப் போட்டா நாங்க வரமாட்டம்."

நூர்தீனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஃபஸ்லான் படியில் தனியாக இருந்தான். அவனுக்குப் பக்கத்தில் போய் இருந்தார்.

"நேரம் போதாமப் போச்சா, மகன்?"

"இல்ல வாப்பா. ஒரு நிமிசம் மிச்சம் இருந்திச்சு."

"அப்ப என்ன நடந்த?"

"நீங்க அடிக்கச் சொன்ன இடத்துக்கு அடிச்சன்."

"நான் எங்கடா சொன்னன்?"

ஃபஸ்லான் விரலை மேலே காட்டினான். நூர்தீன் ஒலிபெருக்கியைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். பிறகு திரும்பவும் ஒலிபெருக்கியை.

"அவ்வளவுமா?"

"கரைத்தீவு வரைக்கும் கேட்டிருக்கும்."

"அந்த ரெண்டு மணித்தியாலம்...?"

"அதுவும்தான்," என்றான் ஃபஸ்லான். எழும்பினான். "வாங்க, வீட்ட போவம். எனக்குப் பசிக்குது. உங்களுக்கும் ஒண்டும் இறங்கல்லதானே."

மர்ளியா சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். பாண் பொய்யைத்தான் கேட்கப் போகிறாள் என்று நூர்தீன் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஊருக்கே கேக்குற மாதிரி ரெண்டு நிமிசம் பேசினீங்க," என்றாள். "புள்ளயப் பத்திப் பேசினீங்க. எவன்டயோ செருப்பப் பத்திப் பேசினீங்க. என்னப் பத்தி ஒரு சொல்லு வரல்லயே?"

நூர்தீன் சோற்றுக் கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"சொல்லத்தான் இருந்தன், மர்ளியா," என்றார். "அதுக்குள்ள ஆறு இருபத்தேழு ஆகிட்டுது."