நோ காஸ்ட்யூம்

துறைமுகத்தில் ஒரு கஸ்டம்ஸ் அப்ரைசருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘நோ சார்’. சரக்கைப் பார்த்து, வரி போட்டு, வெளியே விட வேண்டியவர் அவர். குட்மார்னிங் சொன்னாலும் முதலில் “நோ” என்றுதான் வாய் திறப்பார். நான் ராயபுரத்திலிருந்து சைக்கிளில் போய் வந்த கிளியரிங் ஏஜென்ட் குமாஸ்தா. அவர் மேஜைக்கு முன்னால் நின்றே என் செருப்பு தேய்ந்தது.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஜப்பான் நாடகக் குழு ஒன்று மதராஸுக்கு வந்தது. ஆட்கள் முன்னால் வந்துவிட்டார்கள். உடுப்புப் பெட்டி பின்னால் கப்பலில் வந்தது. மறுநாள் சாயங்காலம் நாடகம். பெட்டியை எடுக்க என்னோடு வந்தவர் நடிகர்களுக்கு உடுப்பு மாட்டிவிடுகிற பெரியவர். அவருக்குத் தமிழும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. குனிந்து வணக்கம் சொல்வார், அவ்வளவுதான்.

கள்ளிப்பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் ‘நோ காஸ்ட்யூம்’ என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. மேஸ்திரி காதர் பாய் மூடியைப் பெயர்த்தார். உள்ளே அடுக்கடுக்காகப் பட்டு. பூவும் இலையும் மேலே எழும்பி நின்றன. ஊசி வேலை என்று நினைத்தேன். பெரியவர் ஓரத்தைப் புரட்டிக் காட்டினார். எல்லாம் தறியிலேயே நெய்தது. எங்கள் மாதாவுக்குத் திருவிழாவன்று சாத்துகிற பட்டு ஞாபகம் வந்து, என்னையறியாமல் செருப்பைக் கழற்றினேன்.

நோ சார் பென்சிலால் மடிப்பைத் தூக்கிப் பார்த்தார்.

“இதுல காலர் எங்க? பட்டன் எங்க? பெட்டியே காஸ்ட்யூம் இல்லைன்னு சொல்லுது. இது விக்கிறதுக்கு வந்த பட்டு. சீல் வையுங்க.”

“சார், நோங்கிறது ஜப்பான்ல அந்த நாடகக் கலையோட பேரு சார்.”

“நாடகத்துக்கு நோன்னு பேரா? அப்ப சினிமாவுக்கு எஸ்ஸா? யாராவது போட்டுக் காட்டினா நம்பறேன்.”

சீல் விழுந்தால் நாடகம் கிடையாது. ‘யாருக்காவது போட்டுக் காட்டுங்கள்’ என்று பெரியவருக்கு ஜாடை செய்தேன். காதர் பாய் ஆசையாகக் கை நீட்டினார். காலையிலிருந்து மிளகாய் மூட்டை தூக்கிய கை. பெரியவர் அலறிப் பின்வாங்கினார். என் சட்டையோ வியர்வையில் நனைந்திருந்தது. ஷெட்டிலேயே ஃபேனுக்கு அடியில், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் இருந்தவர் ஒருவர்தான். பெரியவர் ஒரு வெள்ளைத் துணியைத் தரையில் விரித்து, பட்டை ஏந்திக்கொண்டு போய் நோ சார் முன்னால் குனிந்தார்.

“நோ!” என்றார் நோ சார்.

பெரியவர் முகம் மலர்ந்தது. “நோ! நோ!” என்று தலையாட்டி ஒரு கையை மாட்டினார்.

“நோ, நோ, நோ!”

மூன்று முறை தன் கலையின் பேரைக் கேட்ட மனிதருக்குச் சந்தோஷம் தாங்குமா? இன்னொரு கையையும் மாட்டி, மேலே ஒன்று போர்த்தி, கயிறு வைத்து இறுக்கிவிட்டார்.

கத்திக்கொண்டிருந்தவர் அடங்கினார். அட்டை போல விறைத்த பட்டு அது. போட்டவர் குனியவும் முடியாது, கையை வீசவும் முடியாது. நிமிர்ந்து நிற்கத்தான் முடியும். நின்றார். சுமை தூக்குகிறவர்கள் மூட்டையை இறக்கிவிட்டுப் பார்த்தார்கள்.

“சார், சோக்கா கீறீங்க சார்! ராசா மாரி கீது!” என்றார் காதர் பாய்.

நோ சார் தணிந்த குரலில் கேட்டார்: “கண்ணாடி இருக்கா?”

காதர் பாய் எங்கிருந்தோ விரிசல் விட்ட கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்து பிடித்தார். நோ சார் வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம், “நாடக உடுப்புதான். பெட்டியை விட்டுடலாம்” என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கையெழுத்துக்குக் காகிதத்தை நீட்டினேன். அவர் விரல்கள் உடுப்பின் நீண்ட கைக்குள்ளேயே ஒளிந்திருந்தன. பெரியவர் கயிற்றை அவிழ்க்க வந்தார்.

“நோ,” என்றார் நோ சார். “ஒரு நிமிஷம் இருக்கட்டும்.”

அதன்பின் அந்த மாதிரிப் பெட்டி வந்தால் ‘ஜப்பான் நாடக உடுப்பு’ என்று தெளிவாக எழுத வைத்தேன். ஆனால் இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது வேறு. ஆபீசர் ‘நோ’ என்றால் உடனே முகம் வாடாதீர்கள். எதை விட மனமில்லாமல் சொல்கிறார் என்று பாருங்கள்.