நேராகவே இறங்கிய துளை

ஆபத்து என்று பிள்ளையைத் தள்ளி நிறுத்துவது எப்போது சரி, எப்போது தப்பு? இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

போன ஐப்பசியில், திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் வீட்டில் நடந்தது இது. என் கணவர், ஆழ்துளைக் கிணறு போடும் போர்வெல் ரிக் வண்டியில் டிரில்லர். வடக்கே போனால் திரும்பிவர மாதக்கணக்காகும். மழைக்காலத்தில்தான் வீட்டில் இருப்பார். எங்கள் மூன்று வயது மகளுக்கு அவர் போனில் தெரியும் அப்பா. நேரில் வந்ததும் என் பின்னால் ஒளிந்துகொண்டாள். அவர் நீட்டிய பொம்மையைக்கூட நான்தான் வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது.

அவளுக்கு வாஷ்பேசின் எட்டாது. "சாமிக்கு ஒரு முக்காலி செஞ்சு போடறேன்" என்று மகளைக் கொஞ்சியபடி வேப்பம்பலகையும் கையால் சுற்றும் துளைக்கருவியும் கொண்டுவந்தார். கால்கள் வெளிப்பக்கம் விரிந்து நின்றால்தான் முக்காலி கவிழாது. அதற்குக் கால் செருகும் துளையையும் சாய்த்தே போட வேண்டும். பாகைமானியால் இரண்டு மூன்று தடவை அளந்து, அந்தச் சாய்வை அட்டையில் வெட்டி, பலகைமேல் நிறுத்திப் பிடித்தேன். அவர் சுற்றினார். சுற்றச் சுற்ற, துளைக்கும் கம்பி நிமிர்ந்துகொண்டே போனது.

"ஏனுங்க, நேரா நிக்குதுங்க!"

"ஆயிரம் அடி நேரா எறக்கியே பழகுன கையி புள்ள. சாயச் சொன்னாக் கேக்க மாட்டேங்குது."

முதல் துளை நட்டுக்குத்தாகவே விழுந்தது. "இந்த ரெண்டு இஞ்சுக்கு ரிக்கையே ஓட்டியாந்திருக்கலாமுங்க" என்றேன். சிரித்தார்.

அதற்குள் மகள் அவர் பக்கத்தில் வந்து குந்தியிருந்தாள். "தள்ளிப் போ, குத்திரும்!" என்று கத்தினேன். அவர் கையை நிறுத்தி, "இருக்கட்டும் புள்ள" என்றார், ஏறக்குறையக் கெஞ்சலாக.

வாயை மூடிக்கொண்டேன். அவள் அட்டையைப் பார்த்தாள். எழுந்து, தன் உடம்பையே ஒரு பக்கம் சாய்த்து நின்றாள். "இப்புடிங்கப்பா."

அவர் அவளைப் பார்த்துப் பார்த்துச் சுற்றினார். கை நிமிர்ந்தபோதெல்லாம் "இன்னும் சாய்ங்கப்பா" என்று அதட்டல். மற்ற இரண்டு துளைகளும் அட்டையோடு ஒட்டி இறங்கின. அன்று மரத்தூள் அப்பிய அவர் மடியிலேயே தூங்கிப்போனாள்.

கெட்ட துளையைத் திருத்துவதற்குள் அவரை வண்டிக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். நேர்த் துளையில் செருகிய அந்தக் கால் பக்கம் பாரம் போனால் முக்காலி கவிழ்கிறது. ஒருமுறை கவிழ்ந்தேவிட்டது, நல்லவேளை, அவளை எட்டிப் பிடித்துவிட்டேன். எங்கள் தெரு ஆசாரி, பழைய துளையை அடைத்துப் பத்து நிமிஷத்தில் புதிதாகப் போட்டுத் தருவதாகச் சொல்கிறார். இவளோ முக்காலியைக் கட்டிக்கொண்டு, "அப்பாதான் போடோணும்" என்கிறாள்.

அன்று நான் ஒரு நிமிடம் பேசாமல் இருந்ததால் அவளுக்கு அப்பா கிடைத்தார் என்று நினைக்கிறேன். ஆனால் விழுந்து அடிபட்டால்? ஆசாரியிடம் கொடுத்துவிடவா, அவர் வரும்வரை பரண்மேல் எடுத்து வைக்கவா? அனுபவப்பட்ட அம்மாக்கள் யாராவது சொல்லுங்களேன்.