அவள் வந்தால் எழுந்து கொடுத்துவிடு

எண்பத்தொன்பதாம் வருஷத்து மழைக்காலம். ரங்கூனுக்கு எதிர்க்கரையில் இருக்கும் தன்லியின் என்கிற ஊரில் நடந்தது இது. அப்போது ஆற்றின் மேல் பாலம் கிடையாது, ரங்கூன் போக வேண்டுமென்றால் படகுதான். அதற்கு முந்தின வருஷம் நாடே கொந்தளித்து, பள்ளிக்கூடங்கள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்து, அந்த மழையோடுதான் மறுபடியும் திறந்தார்கள். நான் ஒன்பதாவது. நாங்கள் கியாக்தானிலிருந்து தன்லியினுக்குக் குடி வந்ததும் அப்போதுதான். அப்பா மார்க்கெட்டில் மசாலா அரைக்கிற மெஷின் வைத்திருந்தார். அந்த வாசனை எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும், பள்ளிக்கூடச் சீருடையான என் பச்சை லுங்கியில் இருக்கும், தலைமுடியில்கூட இருக்கும். எத்தனை தடவை குளித்தாலும் போகாது. எனக்கு அது வீட்டு வாசனை. பள்ளிக்கூடத்தில் மற்றவர்களுக்கு அது மூக்கைப் பொத்திக்கொள்ள ஒரு சாக்கு.

எங்களைப் போன்ற இந்தியர்களை அங்கே 'கலா' என்பார்கள். பெண்ணாக இருந்தால் 'கலாமா'. சொல்கிறவர் வாயைப் பொறுத்து அது வெறும் அடையாளமாகவும் இருக்கும், முகத்தில் துப்பின மாதிரியும் இருக்கும். எங்கள் வகுப்பில் துப்பல்தான். என் அக்கா இதைத் தாங்க முடியாமல் ஆறாவதோடு நின்றுவிட்டாள். அழுதுகொண்டே வந்தவளை அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை, மறுநாள் மெஷினுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அதனால் நான் ஒரு முடிவோடு இருந்தேன். என்ன ஆனாலும் வீட்டில் அழக்கூடாது, பத்தாவது பாஸ் பண்ணியே தீர வேண்டும். எனக்கு இயல்பிலேயே கொஞ்சம் வாய் ஜாஸ்தி, வீம்பும் ஜாஸ்தி. ஆனால் அந்த வகுப்பில் வாயைத் திறக்க ஆள் வேண்டுமே!

முதல் நாள், வகுப்புத் தலைவியாக இருந்த பெண் என்னைப் பார்த்து, பின்வரிசையில் ஜன்னலோரத்து பெஞ்சைக் கை காட்டினாள். நீளமான பெஞ்சு. மற்ற பெஞ்சுகளில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க, அது மட்டும் முழுசாகக் காலி. பரவாயில்லையே, நல்ல காற்றோட்டமான இடமாகத் தருகிறாளே என்று போய் உட்கார்ந்தேன். அவ்வளவுதான், அதுவரை சலசலவென்று இருந்த வகுப்பு சட்டென்று அடங்கிப் போயிற்று. தகரக் கூரையில் மழை பெய்கிற சத்தம் மட்டும் கேட்டது.

அன்றிலிருந்து அந்த பெஞ்சில் நான் தனி. யாரும் பேச மாட்டார்கள். என் பக்கம் திரும்பினாலும் பார்வை என் தோளுக்குப் பின்னால் எங்கேயோ போகும். எனக்குப் பின்னால் சுவர்தான் இருக்கிறது, இவர்கள் யாரைப் பார்க்கிறார்கள் என்று ஆரம்பத்தில் நானே திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். காலையில் சயாமா, அதாவது எங்கள் டீச்சர், பேர் கூப்பிடும்போது ஓர் இடத்தில் நிறுத்துவார். உதடு மட்டும் அசையும், சத்தம் வராது. அப்புறம் அடுத்த பேருக்குப் போய்விடுவார். அந்த ஒரு நொடியில் வகுப்பு மொத்தமும் என் பெஞ்சைப் பார்க்கும். உடம்பெல்லாம் புல்லரித்துப் போகும் எனக்கு. ஆனால் யாரிடம் கேட்பது?

மதியச் சாப்பாட்டு நேரம்தான் ரொம்பக் கொடுமை. பர்மியப் பிள்ளைகள் தனித்தனியாகச் சாப்பிட மாட்டார்கள். எல்லோருடைய டப்பாவையும் நடுவில் வைத்து, இவள் குழம்பை அவள், அவள் பொரியலை இவள் என்று எடுத்துச் சாப்பிடுவார்கள். நான் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு அம்மா கட்டிக் கொடுத்த சாம்பார் சோற்றை விழுங்குவேன்.

இப்படி இருக்கையில் ஒரு நாள், நான் கைகழுவிவிட்டு வந்து பார்த்தால் என் இடத்தில் நுனி வாழையிலை ஒன்று விரித்திருக்கிறது. அதில் வெள்ளைச் சோறு, பாதி வாத்து முட்டைக் குழம்பு, கொஞ்சம் ஙப்பி என்கிற மீன் விழுது. ஓரத்தில் ஒரு மல்லிகைப் பூ. வகுப்பில் யாரும் இல்லை, எல்லோரும் வராந்தாவில் இருந்தார்கள்.

நீங்களே சொல்லுங்கள், ஒரு தமிழ்ப் பெண் இதைப் பார்த்தால் என்ன நினைப்பாள்? நம் வீடுகளில் இலை போட்டால் அது விருந்தாளிக்கு. அடடா, கடைசியில் மனசு இரங்கிவிட்டார்கள், நேரில் கொடுக்க வெட்கப்பட்டுக்கொண்டு இப்படி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். இலை திரும்பியிருந்தது. நுனி இடது பக்கம் வருகிற மாதிரி சரிப்படுத்தினேன். பூவை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டேன். தண்ணீர் தெளித்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். திருப்தியாகச் சாப்பிட்டேன் என்று காட்டுவதற்காக இலையை என் பக்கமாக மடித்தேன். அப்புறம்தான் நிமிர்ந்தேன்.

வாசலில் மொத்த வகுப்பும் நின்றுகொண்டிருந்தது. ஒருத்தரும் உள்ளே வரவில்லை. எல்லோருடைய கண்ணும் என் வாயிலும் தலையில் இருந்த பூவிலும் இருந்தது. முன்னால் நின்ற ஒருத்தி வீறிட்டாள்.

"சாப்பிட்டுட்டா! அவ சாப்பாட்ட சாப்பிட்டுட்டா!"

தலைவி மட்டும் ஓர் அடி உள்ளே வைத்தாள். முகம் வெளுத்திருந்தது. ஒரு பர்மியப் பெண்ணின் பெயரைச் சொல்லி, "நீயா? நீதான் வந்திருக்கியா?" என்று என்னைக் கேட்டாள். அது சயாமா தினமும் சத்தமில்லாமல் உதட்டை அசைக்கிற அதே பெயர் என்று எனக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. எப்படி என்று கேட்காதீர்கள், விளங்கிவிட்டது.

மறுநாள் பள்ளிக்கூடம் போனால் தலைகீழ் மாற்றம். நான் நடந்தால் எல்லோரும் விலகி வழி விடுகிறார்கள். கலாமா என்ற சொல் ஒரு வாயிலிருந்தும் வரவில்லை. சின்ன வகுப்புப் பெண் ஒருத்தி என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு ஓடினாள். பக்கத்து பெஞ்சில் இருந்த சாதுவான ஒரு பெண்ணை வழிமறித்து என்னதான் விஷயம் என்று கேட்டேன். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். அந்த ஜன்னலோர இடம் அவர்களுடைய வகுப்புத் தோழி ஒருத்தியுடையது. கலவர நாட்களில் ஒரு காலையில் ரங்கூனுக்குப் படகேறிப் போனவள் திரும்பி வரவேயில்லை. உடம்பும் கிடைக்கவில்லை.

அவர்கள் வழக்கத்தில், ஒருவர் இறந்தால் ஏழாம் நாள் பிக்குகளுக்கு அன்னமிட்டு, அந்தப் புண்ணியத்தை இறந்தவருக்குப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும். அது நடக்காவிட்டால் அந்த ஆவிக்கு வழி தெரியாது, பழகின இடத்திலேயே நின்றுவிடும் என்று நம்பினார்கள். ஆனால் அவள் அம்மா அதைச் செய்யவே மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தாராம். உயிரோடு இருக்கிற மகளுக்கு எதற்கு ஏழாம் நாள் என்றாராம். ஆகவே அவள் அந்த பெஞ்சில்தான் இருக்கிறாள் என்பது வகுப்பின் முடிவு. கலாமாவை எந்தப் பேயும் சீண்டாது என்று சிரித்துக்கொண்டுதான் என்னை அங்கே உட்கார வைத்திருக்கிறார்கள். அப்புறம் ஒருத்திக்குக் காய்ச்சல் வந்து, இன்னொருத்தி படியில் உருண்டு விழுந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. அவள் இடத்தில் கலாமா உட்கார்ந்ததால் கோபித்துக்கொண்டாள் என்று, சாந்தப்படுத்த அவளுக்குப் படைத்த சோறு அது. அதைத்தான் நான் வழித்துச் சாப்பிட்டிருக்கிறேன்!

வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன்னால் நின்றேன். அது என் முகம்தான். ஆனாலும் அந்தப் பெயரை ஒரு தடவை சத்தமாகச் சொல்லிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. சொன்னால் திரும்பிப் பார்த்துவிடுவேனோ என்று ஒரு பயம்.

விஷயம் ஊருக்குள் பரவியது. நான் இருக்கிற வகுப்புக்குத் தங்கள் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம் என்று சில வீடுகளில் சொல்லிவிட்டார்கள். தலைமை ஆசிரியை என் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். காணாமல் போனவளின் அம்மாவை வரவழைத்து எப்படியாவது ஏழாம் நாள் சடங்குக்குச் சம்மதிக்க வைக்கப் போவதாகவும், அதோடு என்னையும் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திவிட்டால் எல்லாம் அடங்கிவிடும் என்றும் சொன்னாராம். அப்பா வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"போதும்மா. படிச்சுக் கிழிச்சது போதும். நாளையிலேருந்து அக்காவோட மெஷின்ல ஒக்காரு."

"அப்பா, அந்தம்மா வர்ற அன்னிக்கு மட்டும் போறேம்பா. நான் என்ன தப்புப் பண்ணேன்? சோறு சாப்பிட்டது ஒரு குத்தமா?"

அம்மாதான், "போயிட்டு வரட்டும் விடுங்க, ஒரு நாள்தானே" என்றாள்.

அந்த நாளும் மழைதான். பகலிலேயே விளக்கு வேண்டும் போல இருட்டிக் கிடந்தது வகுப்பு. நான் என் பெஞ்சில் இருந்தேன். மற்ற எல்லோரும் எதிர்ச் சுவரோரமாக ஒட்டிக்கொண்டு நின்றார்கள். அந்த அம்மாள் தலைமை ஆசிரியையோடு உள்ளே வந்தார். மெலிந்த உடம்பு, நனைந்த லுங்கி. நேராக என்னிடம் வந்து, பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அத்தனை நாளில் அந்த பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்த முதல் ஆள் அவர்தான். உள்ளங்கையால் மேஜையை மெதுவாகத் தடவினார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். என் கண்ணுக்குள் யாரையோ தேடுகிற மாதிரி இருந்தது.

"டோடோ, கேளுங்க. அவதான், கேட்டுப் பாருங்க" என்றாள் தலைவி சுவரோரத்திலிருந்து. அங்கே அத்தை மாதிரியான பெண்களை டோடோ என்றுதான் கூப்பிடுவோம்.

சத்தியமாகச் சொல்கிறேன், ஆமாம் என்று சொல்லிவிட என் நாக்கு துடித்தது. ஒரே ஒரு 'ஆமாம்'. ஆவி பிடித்த பெண் என்றால் அப்புறம் யார் என்னைக் கலாமா என்பார்கள்? யாருக்கு என்னை வெளியே அனுப்பத் துணிச்சல் வரும்? ஆனால் அந்த அம்மாள் முகம் அவ்வளவு பக்கத்தில் இருந்தது. அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

"இல்ல டோடோ" என்றேன். "நான் அவ இல்ல. நான் கலாமா."

அந்தச் சொல்லை என் வாயாலேயே சொல்வேன் என்று நான் நினைத்ததில்லை. அவர் முகம் மாறவில்லை.

"இந்த இடத்துல சோறு வச்சாங்களாமே. அத யாரு சாப்பிட்டா?"

"நான்தான் டோடோ. எங்க வீட்டுல விருந்தாளிக்குத்தான் இலையில வைப்பாங்க. எனக்குத்தான் வச்சாங்கன்னு நெனச்சிட்டேன்."

"நீயா சாப்பிட்ட? பசிச்சுதா?"

"பசிச்சுது."

"முழுசும் சாப்பிட்டியா?"

"ஒரு பருக்கை விடல டோடோ."

அவர் மூச்சை நீளமாக விட்டார். அழப்போகிறார் என்று நினைத்தேன். அவர் எழுந்து அவர்கள் பக்கம் திரும்பினார். குரல் உயரவேயில்லை.

"கேட்டீங்களா? பசிச்ச புள்ள ஒண்ணு சாப்பிட்டிருக்கு. அப்ப அது செத்தவளுக்கு வச்ச சோறு இல்ல. எம்பொண்ணு செத்ததா நெனச்சு யாரும் இங்க எதுவும் வைக்கக் கூடாது. வைக்கறதா இருந்தா இந்தப் புள்ளைக்கு வைங்க. மொகத்தப் பாத்து, கையில குடுங்க."

தலைமை ஆசிரியை சடங்கைப் பற்றி ஏதோ ஆரம்பித்தார். அந்த அம்மாள் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இது எம்பொண்ணோட இடம். அவ வர்ற வரைக்கும் இந்தப் புள்ள பாத்துக்கட்டும். இவள எழுப்பி அனுப்பினா, எம்பொண்ணு வரமாட்டான்னு நீங்களே முடிவு பண்ணிட்டதா அர்த்தம்."

தலைமை ஆசிரியை ஓர் அடி பின்வாங்கினார். அவர் என் பக்கம் குனிந்து, தலையில் கை வைத்து, "அவ வந்தா எந்திரிச்சுக் குடுத்துடு, என்ன?" என்றார். சரி டோடோ என்றேன். மழையிலேயே இறங்கிப் போனார். அவர் போன பிறகும் வெகுநேரம் யாரும் நகரவில்லை. எல்லோரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம், நான் உட்பட. சொல்லி முடித்தவுடன் அவள் வந்து நின்றுவிடுவாள் போலத்தான் எங்களுக்கு இருந்தது.

அதற்குப் பிறகு எல்லோரும் திருந்திவிட்டார்கள் என்று சொன்னால் அது கதை. பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே கலாமா கலாமாதான். ஆனால் வகுப்புக்குள் அந்தச் சொல் வரவில்லை. மறுநாள் தலைவி வந்து, உர்ரென்ற முகத்தோடு என் டப்பாவில் ஒரு கரண்டி மீன் குழம்பைப் போட்டாள். நான் பதிலுக்கு அவள் டப்பாவில் ஊறுகாய் வைத்தேன், சும்மா இருக்கவில்லை. காரம் தாங்காமல் அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. அந்தச் சாதுப் பெண் கொஞ்ச நாளில் என் பெஞ்சுக்கே வந்துவிட்டாள். அப்பாவும் அதன்பிறகு மெஷின் பேச்சை எடுக்கவில்லை. பத்தாவது வரைக்கும் நான் ஜன்னலோரத்திலேயே உட்கார்ந்தேன். வகுப்பு மாறியபோதும் அந்த பெஞ்சைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டார்கள். யாரும் சொல்லிச் செய்யவில்லை.

பத்தாவது பாஸ் பண்ணினேன். எங்கள் குடும்பத்தில் நான்தான் முதல். ஆனால் அந்த இரண்டு வருஷமும் ஒவ்வொரு காலையிலும் வகுப்பு வாசலில் நின்று, ஜன்னலோரத்தில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவேன். காலியாக இருப்பதைப் பார்த்ததும் அப்பாடா என்று எனக்கு ஒரு நிம்மதி வரும். அதே நேரத்தில் இன்னொரு வீட்டில் ஓர் அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்பது அடுத்த நிமிஷம்தான் நினைவுக்கு வரும். இத்தனை வருஷம் கழித்தும், யாராவது என் படிப்பைப் பற்றிப் பெருமையாகப் பேசினால், அவள் வராததால்தானே எனக்கு அந்த இடம் கிடைத்தது என்று என்னால் நினைக்காமல் இருக்க முடியவில்லை.