மை பூசாத விரல்

எங்கள் வீதி முனையில் இருக்கும் வீட்டின் முன்னால், பனிக்குவியலுக்கு நடுவே, இரண்டு கம்பிக் கால்களில் ஒரு பலகை நின்றது. அதில் ஒரு பெயர் மட்டும் பெரிய எழுத்தில் இருந்தது. முகம் இல்லை, கும்பிட்ட கை இல்லை, சின்னம் இல்லை, இலக்கம் இல்லை. வீடு விற்பனைக்காக்கும் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். சில நாளில் வேறு வேறு நிறங்களில் அதேபோன்ற பலகைகள் எங்கள் பகுதியான அஜின்கோர்ட் முழுவதும் முளைத்துவிட்டன. பக்கத்துப் பக்கத்து வீடுகளில் எதிரெதிர்க் கட்சிகள். ஒருவருடையதை மற்றவர் பிடுங்கவில்லை, சாணி அடிக்கவில்லை. பனி அள்ளும் வண்டி சரித்துவிட்டுப் போன ஒரு பலகையை எதிர்க்கட்சிக்காரரே நிமிர்த்தி வைத்ததையும் பார்த்தேன். இப்படியும் ஒரு தேர்தலா என்று இருந்தது.

பவளத்துக்கு அப்படி வராமல் இருந்திருந்தால் மாகாணத் தேர்தலில் எனக்கென்ன என்று இருந்திருப்பேன். பவளம் என் மனைவி. பாரிசவாதத்தில் அவளுடைய வலப்பக்கம் விழுந்துவிட்டது. வாய் மட்டும் விழவில்லை என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். அவளைக் குளிப்பாட்டி உடுப்பு மாற்றிவிட அரசாங்கச் செலவில் ஒரு பெண் காலையில் வருவாள். அவள் வந்த பிறகுதான் நான் பாண் பேக்கரிக்கு வேலைக்குப் போவேன். ஆட்கள் போதாதென்று அவள் வரும் நாட்களைக் குறைத்தார்கள். வராத நாட்களில் நான் வேலைக்குப் பிந்தினேன், பேக்கரியில் முகம் சுளித்தார்கள். வீட்டில் வைத்துப் பார்க்க முடியாவிட்டால் தூரத்தில், ஒஷாவாவில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் கட்டில் இருக்கிறது என்று தொலைபேசியில் சொன்னார்கள். தமிழ் ஆட்கள் இருக்கும் இல்லத்துக்கு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டுமாம். ஒஷாவாவில் தமிழ் பேச ஒருவரும் இல்லை. பவளத்திடம் இருக்கும் ஆங்கிலம் ‘தாங்க்யூ’வும் ‘சொறி’யும்தான்.

“உதெல்லாம் மாகாண அரசாங்கத்தின்ரை கையிலை இருக்கிற அலுவல்,” என்றார் என்னோடு பாண் அடுக்கும் கணேசு அண்ணை. “மாகாணத்துக்குத் தலைவர் பிரிமியர், அவரை மாத்தினால்தான் உமக்கு விடிவு. என்னட்டை அழுது என்ன காணப்போறீர்? போய் வோட்டைப் போடும்.”

“எனக்கு உதுகள் விளங்காது அண்ணை.”

“பேருக்கு நேரை புள்ளடி போடத் தெரியும்தானே? அஞ்சாம் வகுப்பு மட்டும் படிச்சனீர், அது காணும்.”

என் வாழ்நாளில் நான் ஒரேயொரு முறைதான் வாக்களித்திருந்தேன். அது ஊரில் இருந்தபோது, முழு நாட்டுக்கும் தலைவரைத் தெரிவு செய்யும் தேர்தல். தலைவராக வர நின்றவர்களின் பெயர்களே சீட்டில் இருந்தன. இடது கைச் சின்னிவிரலில் மை பூசிவிட்டார்கள். எங்கள் ஊர் ராணுவத்துக்கும் வாக்களிக்கக் கூடாது என்ற இயக்கத்துக்கும் நடுவில் கிடந்தது. பகலில் வந்தவர்கள் எல்லோரையும் போய் வாக்களிக்கச் சொன்னார்கள். இருட்டிய பிறகு வந்தவர்கள் யார் போனது என்று விரல்களைப் பார்த்தார்கள். அப்போது எங்களுக்குக் கலியாணமாகிக் கொஞ்ச நாள். பவளம் பழைய சீலையில் ஒரு துண்டு கிழித்து, பீற்றூட் சாற்றில் தோய்த்து, என் விரலைச் சுற்றிக் கட்டினாள். “ஆரும் கேட்டால் மரவள்ளி வெட்டேக்கை கத்தி பட்டிட்டுது எண்டு சொல்லுங்கோ,” என்றாள். இரவில் வந்தவர்கள் கேட்டபோது எனக்கு வாய் வரவில்லை. அவளே சொன்னாள். மை அழியும்வரை அந்தக் கட்டை நான் அவிழ்க்கவில்லை.

இங்கே வாக்குச்சாவடி ஒரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டு மண்டபத்தில் இருந்தது. துவக்கோடு ராணுவத்தார் யாரும் நிற்கவில்லை. நரைத்த தலையுடைய ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி என் பெயரைத் தேடிப் பிடித்துச் சீட்டைத் தந்தார். நான் அந்தப் பழைய நினைவில், மை பூசுவதற்காக, இடது கைச் சின்னிவிரலை அவர் முன் நீட்டினேன். அவர் விரலையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஓ டியர், டஸ் இட் ஹேர்ட்?”

விளங்காத இடத்தில் ‘யெஸ்’ சொல்வது என் வழக்கம். “யெஸ்,” என்றேன். நோகிறதா என்று கேட்டிருக்கிறார்.

அவர் தன் கைப்பையைத் திறந்து, ஒரு பிளாஸ்டரை எடுத்து, காயமே இல்லாத என் விரலில் பதமாகச் சுற்றி ஒட்டினார். பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். எப்படித் திருத்துவது? தாங்க்யூ சொல்லிவிட்டு மறைப்புக்குப் பின்னால் போனேன்.

சீட்டில் பிரிமியரின் பெயர் இல்லை. அவரை எதிர்த்து நின்ற தலைவரின் பெயரும் இல்லை. முன்பின் தெரியாத பெயர்கள்தான் இருந்தன. கீழே சின்ன எழுத்தில் வேறு ஏதோ இருந்தது. கூட்டி வாசிக்க வாசிக்க எழுத்துகள் கலங்கின. யாரிடமாவது கேட்கலாம் என்று திரும்பினேன். அந்தப் பெண்மணி என் விரலைப் பார்த்து அன்பாகத் தலையாட்டினார். கேட்க வெட்கமாகிவிட்டது. அப்போது ஒரு பெயர் கண்ணில் பட்டது. வீதிமுனைப் பலகையில் நான் தினமும் பார்த்த பெயர். அந்நிய இடத்தில் அயலவரைக் கண்டதுபோல் இருந்தது. அவருக்குப் புள்ளடி போட்டேன்.

வீட்டுக்கு வந்து விரலைக் காட்டி நடந்ததைச் சொன்னதும், பவளம் பாதி முகத்தால் சிரித்தாள். “அண்டைக்கு நான் மையை மறைக்கக் கட்டினன். அந்த மனிசி என்னத்தை மறைக்கக் கட்டினவ?”

மறுநாள் காலையில் கணேசு அண்ணை கேட்டார், ஆருக்குப் போட்டனீர் என்று. பெயரைச் சொன்னேன். அவர் பாண் தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

“ஐயோ கடவுளே! உவன் பிரிமியரின்ரை கட்சி ஆளல்லோ! இஞ்சை பிரிமியருக்கு நேராய் வோட்டில்லை ஐசே, அவரின்ரை ஆளுக்குப் போட்டால் அவருக்குப் போட்ட மாதிரித்தான். பலகையிலை நிறத்தையாவது பாக்கேல்லையே?”

அதற்கிடையில் முடிவும் வந்துவிட்டிருந்தது. பழைய ஆட்களே மறுபடியும் வந்தார்கள்.

பவளத்திடம் மறைக்கவில்லை. சொன்னேன். “விடுங்கோப்பா. உங்கடை ஒரு வோட்டிலையோ நான் ஒஷாவாவுக்குப் போறன்?” என்றாள். என்னைத் தேற்றத்தான் சொன்னாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை. சரியாகப் போட்டிருந்தாலும் அவள் போகத்தான் வேண்டி வந்திருக்கும். உதவிக்கு வரும் பெண்ணின் நாட்கள் கூடவில்லை, கடைசியில் ஒஷாவாக் கட்டிலுக்கு ஓம் என்றோம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஒஷாவாவுக்கு பஸ் ஏறுகிறேன். அவளைத் துப்பரவாக வைத்திருக்கிறார்கள், குறை சொல்ல முடியாது. பவளம் என்ற பெயர் வாயில் வராமல் ‘பாவ்’ என்று கூப்பிடுகிறார்கள். அவள் எல்லாவற்றுக்கும் தாங்க்யூ சொல்கிறாள். அந்த வாய்க்காரி கிழமை முழுவதும் பேசாமல் இருந்து, என்னைக் கண்டதும் ஒரே மூச்சில் கொட்டுகிறாள். நேரம் முடிந்ததென்று தாதி வந்து நிற்கும்போது பாதிக் கதையில் நிறுத்துகிறாள்.

போன ஞாயிறு நான் புறப்பட எழும்பியதும் என் இடது கையைப் பிடித்தாள். மேசையில் இருந்த ரிசுக் கடதாசி ஒன்றை இழுத்து, ஒற்றைக் கையால் என் சின்னிவிரலில் சுற்றப் பார்த்தாள். அது அவிழ்ந்து அவிழ்ந்து விழுந்தது. கடைசியில் நானே ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன்.

“ஆரும் கேட்டால், மரவள்ளி எண்டு சொல்லுங்கோ.”

“ஓம்,” என்றேன்.

தாதி புன்னகையோடு என்னவோ கேட்டாள். நான் ‘யெஸ்’ என்றேன். பஸ் தரிப்பில் காற்று அந்த ரிசுவைக் கழற்றிக்கொண்டு போனது. ஒரு கட்டும் இல்லாத விரலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரும் எதுவும் கேட்கவில்லை.