ஆளுக்கு எட்டுக் கிலோ

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது நான் ரவாங்கில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வீடு ஈஜோக்குக்கும் பத்தாங் பெர்ஜுந்தாய்க்கும் நடுவில் ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பா அங்கே பெரிய கிராணி. தினமும் ரப்பர்ப் பால் வாளிகளை எடை போட்டு எழுதியே முடி நரைத்தவர். எடையில் பிசகாத குடும்பம் என்று எங்களுக்கு ஒரு பெருமை உண்டு. அந்தப் பெருமையில் எனக்குக் கொஞ்சம் கூடுதல் பங்கு.

எங்கள் மேற்பார்வையாளர் ஒரு மலாய்க்காரர், மலையேறுவதில் பைத்தியம். தானும் மனைவியும் கோலகுபு பாரு பக்கத்து மலையில் ஓர் இரவு தங்கப் போவதாகவும், மனைவிக்குத் துணையாகப் பெண்கள் யாராவது வரலாம் என்றும் சொன்னார். நான் உடனே கையைத் தூக்கினேன். எனக்குப் பின்னால் இன்னொரு கையும் எழுந்தது. பெட்டி கட்டும் பகுதியில் வேலை செய்த பெண் அவள். என்னைவிட மூன்று வயது இளையவள், எங்கள் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வளர்ந்தவள். தொழிற்சாலைக்கு வருமுன் அம்மாவோடு பால் வெட்டப் போனவள். ஒரே தோட்டத்தில் இருபது வருடம் இருந்தும், தொழிற்சாலை பஸ்ஸில்தான் நாங்கள் முதன்முதலாகப் பேசிக்கொண்டோம். கிராணி வீட்டுப் பிள்ளைகள் லயத்துப் பக்கம் போவதில்லை. அதில் ஏதும் தப்பு இருப்பதாக அன்றைக்கு எனக்குத் தோன்றியதே இல்லை.

ஒரு விஷயத்தை நான் மறைத்துவிட்டேன். சின்ன வயதிலிருந்தே எனக்கு ஆஸ்துமா. பள்ளி விளையாட்டுப் போட்டியில் நான் எப்போதும் பார்வையாளர்தான். மழை விட்ட காலையில் எங்கள் வீட்டுப் பின்வாசலில் நின்றால், கிழக்கே அந்த மலைத்தொடர் நீலமாகத் தெரியும். ஒரு தடவையாவது அதன்மேல் ஏறி நின்றுவிட வேண்டும் என்பது எத்தனையோ வருட ஆசை. ஆனால் மேற்பார்வையாளர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: ஒருவருக்கு முடியாவிட்டாலும் எல்லாரும் இறங்கிவிடுவோம், உடம்புக்கு ஏதாவது இருப்பவர்கள் வரவே வேண்டாம். நான் வாயைத் திறக்கவில்லை. உடை மாற்றும் அறையில் நான் இன்ஹேலரை உறிஞ்சுவதை அவள் ஒருநாள் பார்த்திருந்தாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் அம்மாவை ஏமாற்ற முடியுமா? யாழ்ப்பாணத்துத் தாய்.

"விசர் வேலை பாக்காத பிள்ளை. முட்டு வந்தா அந்தக் காட்டுக்குள்ள ஆர் உன்னைத் தூக்கிக்கொண்டு வாறது?" என்றார். ஆஸ்துமாவுக்கு எங்கள் வீட்டில் முட்டு என்றுதான் பெயர். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இரண்டு வாரம் அந்தப் பயணத்தைத்தான் தின்றேன், குடித்தேன். என்ன எடுப்பது, எதை விடுவது என்று பட்டியல் எழுதி, அடித்து, மறுபடி எழுதினேன். மண்ணெண்ணெய் அடுப்பு, அரிசி, மத்தி மீன் டின், கெட்டிப்பால் டின், டார்ச் விளக்கு, அட்டைக்கடிக்குப் புகையிலை. பத்தாங் பெர்ஜுந்தாய் கடையில் எல்லாருக்கும் ஒரே மாதிரி சாம்பல் நிறப் போர்வைகளும், எனக்கும் அவளுக்கும் இரண்டு பச்சைக் கித்தான் பைகளும் வாங்கினேன். வாங்கும்போதே வாரை இழுத்து இழுத்துப் பார்த்துத்தான் எடுத்தேன். பை அடுக்குவதற்காக அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். முதல் தடவை வருகிறாள். கையில் உர மூட்டைகளின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறைகள் நான்கு. சாமானை இதற்குள் போட்டுக் கட்டினால் எந்த மழைக்கும் நனையாது என்றாள். நாற்றம் அடிக்கும் என்று நான் முகத்தைச் சுளித்தேன். சவர்க்காரம் போட்டுக் கழுவிக் காயவைத்துத்தான் கொண்டுவந்தேன் என்றாள். ஏதோ அவள் மனசுக்காக ஒப்புக்கொண்டேன்.

புறப்பட்ட அன்று மலையடிவாரத்தில் நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது. அப்பாவின் பழைய தொங்கு தராசைக் கொண்டுபோயிருந்தேன். அதை ஒரு மரக்கிளையில் மாட்டி நான்கு பைகளையும் எடை போட்டேன். மேற்பார்வையாளர், தான் கூடுதலாகச் சுமப்பதாகச் சொன்னார். நான் விடவில்லை. ஆளுக்கு எட்டுக் கிலோ, யாருக்கும் ஓரவஞ்சனை கிடையாது என்று சட்டம் பேசினேன். என் பையில் அடுப்பும் அரிசியும் டின்களும். அவள் பையில் போர்வைகள், கூடாரத் துணி, கயிறு. முள் எல்லாருக்கும் எட்டில் நின்றது. எனக்குப் பரம திருப்தி.

காட்டுக்குள் நுழைந்தோம். ரப்பர் மரங்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். மரம் என்றால் வரிசையாக, ஒரே உயரத்தில் நிற்கும் என்பதுதான் பழக்கம். இங்கே ஒரு மரத்தை நாலு பேர் சேர்ந்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது. உச்சியைப் பார்க்க அண்ணாந்தால் கழுத்து வலித்தது. மேலே எங்கோ வெயில் அடித்தது, கீழே எங்களுக்கு அது வந்து சேரவில்லை. இவ்வளவு பெரியது எங்கள் பின்வாசலில் ஒரு நீலக் கோடாகத்தானே தெரிந்தது என்று மலைத்துப்போனேன்.

மலைப்பு ஒரு மணி நேரம்தான். அப்புறம் நெஞ்சுக்குள் விசில் கேட்க ஆரம்பித்தது. ஒரு மரத்துக்குப் பின்னால் ஒளிந்து மருந்தை உறிஞ்சினேன். ஆற்றோரம் முதல் ஓய்வுக்கு உட்கார்ந்தபோது, இதோடு முடிந்தது, நான்கு பேரும் என்னால் இறங்கப் போகிறோம் என்று கண்ணில் தண்ணீர் முட்டியது.

"வாரு கழண்டுருக்குக்கா. நீங்க மூஞ்சி கழுவிட்டு வாங்க, நா கட்டி வைக்கிறேன்" என்றாள் அவள்.

கழுவிவிட்டு வந்தேன். பையை அவளே தூக்கி என் முதுகில் மாட்டினாள். ஆச்சரியம், நடை இலகுவாகிவிட்டது. மலைக்காற்றின் மகிமை என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த ஓய்விலும் வாரைச் சரிசெய்கிறேன் என்றாள், அதற்கடுத்த ஓய்விலும். நடுவில் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. அதிலும் நான் நடந்தேன். மூச்சு வாங்கியது, ஆனால் நின்றுபோகவில்லை. மேற்பார்வையாளரின் மனைவி களைத்து உட்கார்ந்தபோது, சாமானை முறையாக அடுக்கினால் பாரமே தெரியாது என்று அவருக்கு ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். பின்னால் வந்தவள் தன் பை வாரைத் தோளில் ஏற்றி விட்டுக்கொண்டாள்.

மாலை வெளிச்சம் இருக்கும்போதே உச்சிக்குப் போய்விட்டோம். அங்கே அந்தக் காலத்து வெள்ளைக்காரன் பங்களா ஒன்று இருந்திருக்கிறது. வீடு போய்விட்டது. செங்கல் புகைபோக்கி மட்டும் மூடுபனிக்குள் ஒற்றையாக நிற்கிறது, அதைச் சுற்றிக் காடு. நான், ஓட முடியாதவள், மேலே வந்துவிட்டேன். அழுதேன், சிரித்தேன்.

பிறகு வழக்கம்போல் பட்டியலை எடுத்துச் சரிபார்க்க உட்கார்ந்தேன். பையைத் திறந்தால் கை போட்ட இடமெல்லாம் போர்வை. அடுப்பு இல்லை, அரிசி இல்லை, ஒரு டின் இல்லை. என் பையில் கை வைத்தவள் அவள் ஒருத்திதானே.

"நீதானே ஒவ்வொரு எடத்துலயும் பைய அவுத்தே? வெளிய எடுத்து வச்சிட்டு ஆத்தோரத்துலயே விட்டுட்டியா? லயத்து ஆளுங்க எல்லாருமே இப்படித்தான், ஒரு பொறுப்பு கெடையாது."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான்தான் சொன்னேன். அத்தனை வருடம் எனக்குள் இருந்தது, வெளியே வந்துவிட்டது.

அவள் தன் பையைத் திறந்து அடுப்பை எடுத்துக் கல்மேல் வைத்தாள். அரிசியை வைத்தாள். டின்களை ஒவ்வொன்றாக வைத்தாள். உர உறைக்குள் எல்லாம் ஒரு சொட்டு ஈரமில்லாமல் இருந்தன. மேற்பார்வையாளர் ஏன் மாற்றினாய் என்று மலாயில் கேட்டார். அக்காவின் பை வார் அறுந்துவிடும் போலிருந்தது, அதனால் கனமானதை நான் வாங்கிக்கொண்டேன் என்று அவளும் மலாயில் சொன்னாள். அவர் விளையாட்டாகத் தராசை எடுத்து, எல்லாவற்றையும் திரும்ப வைத்து எடை போட்டார். அவள் பை பன்னிரண்டைத் தொட்டது. என்னுடையது நாலு. அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

என் பை வார் புத்தம் புதிது. அது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அப்போதுதான் அவள் தோளைப் பார்த்தேன். சட்டைக் கழுத்து விலகிய இடத்தில் வார் பதிந்து சிவப்பாக ஒரு கோடு, ஓரத்தில் தோல் உரிந்திருந்தது. நான் அத்தனை பேசிய பிறகும் எனக்குச் செய்த சத்தியத்தைக் காப்பாற்றுகிறாள் இவள் என்று புரிந்தது. மேற்பார்வையாளரிடம் என் நோயை நானே சொன்னேன். அவர் நாளை என் பையைத் தானே சுமப்பதாக மட்டும் சொன்னார்.

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே சொன்னாள்:

"தராசுல நாலு பையும் சரியாத்தாங்கா இருந்துச்சு. ஆனா உங்களுக்கு மூச்சு பாதிதானே. வெளிய சொன்னா எறங்கச் சொல்லிருவாங்க. நீங்க எவ்ளோ ஆசப்பட்டீங்க."

அடுப்பு பற்றியதும், "லயத்து ஆளுங்கன்னு சொன்னீங்களே, அது மட்டுந்தான் வலிச்சிச்சு" என்றாள். அவள் அதைச் சொன்னது நல்லதாயிற்று. சொல்லாமல் விட்டிருந்தால் நான் என்னை மன்னித்துக்கொண்டிருப்பேன்.

மறுநாள் காலை பனி விலகியது. காலடியில் மேகம், அதற்குக் கீழே சிலாங்கூர் முழுவதும் பச்சையாக விரிந்து கிடந்தது. தூரத்தில் கோலசிலாங்கூர் பக்கம் கடல் ஒரு வெள்ளிக் கோடாக மின்னியது. நம் தோட்டம் எங்கே இருக்கிறது என்று இரண்டு பேரும் விரலை நீட்டி நீட்டித் தேடினோம். கிராணி வீடும் தெரியவில்லை, லயமும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு பெரிய மலைகள் எதையும் நான் ஏறவில்லை. ஆனால் இன்றைக்கும் யாரையாவது பற்றி, இவர்கள் இப்படித்தான் என்று நாக்கு நுனிவரை வரும்போது, தோல் உரிந்த அந்தத் தோள் கண்முன் வந்து நிற்கிறது, நான் வாயை மூடிக்கொள்கிறேன்.