கவ்வாத்துக் கத்தியால் விறகு பிளக்காதீர்கள்

இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். போன ஜனவரியில் ராஜன், "வாடா, மலையில கூடாரம் போட்டுத் தங்கலாம்" என்று கூப்பிட்டபோது நான் உடனே சரி என்றதற்குக் காரணம் மலை அல்ல. அவனிடம் எனக்கு ஒரு பழைய கணக்கு இருந்தது.

ராஜன் என்னோடு படித்தவன். டயகமவுக்கு மேலே மரக்கறித் தோட்டம் போட்டிருக்கிறான். ஹட்டனில் காலை ஏழரைக்குப் பஸ் ஏறினேன். தலவாக்கலை, அக்கரப்பத்தனை வழியாகச் சுமார் நாற்பது கிலோமீற்றர்; இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். வழியில் கவ்வாத்து வெட்டிய மலை ஒன்று வந்தது. வெட்டிப்போட்ட தேயிலைக் கிளைகளைப் பெண்கள் விறகுக்குக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மிலாறு என்போம் அதை. அது அடுப்பில் புகையும் வாசனையில்தான் நான் படித்து வளர்ந்தேன். தோட்டத்து மக்களான எங்களை மறந்துவிட்ட இந்த ஊரை நான் மன்னிக்கவில்லை. ஆனாலும் அந்த வாசனை வருமா என்று ஜன்னலைத் திறந்தேன்.

பின்னேரம் கூடாரம் போட்டோம். கிடைத்ததெல்லாம் மழையில் நனைந்த கட்டைகள். ராஜன் முதுகு தடித்த நேர்க்கத்தி ஒன்றைக் கட்டையின் தலையில் வைத்து, இன்னொரு கட்டையால் தட்டினான். இரண்டாகப் பிளந்து, உள்ளே காய்ந்த மரம் தெரிந்தது.

"இப்ப மட்டும் ஒழுங்கா தெரியுது," என்றேன். "அன்னைக்கு எங்கப்பா கத்தியக் கல்லால அடிச்சியே?"

பள்ளிக்கூட முகாமுக்கு அப்பாவிடம் கேட்டு அவர் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைக் கொண்டுபோயிருந்தேன். வளைந்த, மெல்லிய கத்தி. இழுத்து அறுக்கத்தான் ஆகும், அடி தாங்காது. ராஜன் கல்லால் அடித்து நுனியை ஒடித்தான். மறுநாள் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில், ஒடிந்த கத்தியோடு வந்ததற்காக எல்லார் முன்னாலும் அப்பாவை ஏசித் திருப்பி அனுப்பினார்கள். நான் ஒடிக்கவில்லை என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் கத்தியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். என்னைப் பொய்யன் என்று நினைத்தே செத்துப்போனார் என்றுதான் இவ்வளவு காலமும் இருந்தேன்.

ராஜன் சிரித்தான். "அடப்பாவி, இன்னுமா அத வச்சிருக்க? நான்தான் ஒடிச்சேன் மாமான்னு அந்த வாரமே உங்கப்பாகிட்ட சொல்லிட்டேன்டா."

"அவரு என்ன சொன்னாரு?"

"'உங்கப்பன் காதுக்குப் போச்சுன்னா தோல உரிச்சிருவான். எம்மவன் ஒடிச்சதாவே இருக்கட்டும், போடா'ன்னாரு. ஒங்கிட்ட சொல்லியிருப்பாருன்னுல்ல நெனச்சேன்!"

அடுப்பில் வைத்திருந்த தேத்தண்ணி கொதித்து வழிந்தது. நான் அதை இறக்கி வைத்தேன். அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. அது பெரிய ஆறுதல்தான். ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! ராஜன் மேல் இருந்த கோபம் இப்போது அப்பா மேல் போயிருக்கிறது; அங்கே அது ரொம்ப நாள் தங்காது போலிருக்கிறது.

போகிறவர்களுக்கு: முதுகு தடித்த நேர்க்கத்தி கொண்டுபோங்கள். கல்லால் அடிக்காதீர்கள், கட்டையால் தட்டுங்கள். பிளக்கும்போது கால்களை அகற்றி வையுங்கள். தேயிலைக்குள் கூடாரம் போடுவதென்றால் தோட்ட நிர்வாகத்திடம் முதலில் கேளுங்கள். விடியற்காலைக் குளிருக்கு இரண்டு கம்பளி வேண்டும்.

ராஜனின் அப்பா இன்னும் டயகமவில் திடமாக இருக்கிறார். பேத்தி போனில் எல்லாவற்றையும் அவருக்கு வாசித்துக் காட்டுவாளாம். ஆகவே ராஜன் என்பது அவன் பெயர் இல்லை. என் பெயரையும் போடாமலே இதைப் பதிவிடுகிறேன்.